பச்சைச் சூரியன், சிவந்த மலை: எக்ஸ்பிரஷனிஸ ஓவியத்தில் மனநிலையையும் குறியீட்டையும் படிப்பது

1883 செப்டம்பரில் சென்னையில் சூரியன் பச்சையாக உதித்தது, பச்சையாகவே மறைந்தது. ஆகஸ்ட் கடைசியில் ஜாவாவுக்கும் சுமத்ராவுக்கும் நடுவே கிரகடோவா எரிமலை வெடித்துக் கிளப்பிய தூசி, வானத்தின் மேலடுக்கில் கடல் தாண்டி வந்ததன் விளைவு அது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த சார்லஸ் மிச்சி ஸ்மித் அந்தச் சூரியனை நிறமாலைமானி வைத்து ஆராய்ந்து கட்டுரை எழுதினார். 1899இல் கோடைக்கானல் மலைமேல் அமைந்த சூரிய ஆய்வகத்துக்கு முதல் இயக்குநராக வந்தவரும் அவரே.

அந்த வாரங்களில் மதராஸ் கலைப்பள்ளி மாணவர் யாராவது கடற்கரையில் நின்று, கண்டதைக் கண்டபடி எண்ணெய் வண்ணத்தில் தீட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இன்று ஏதாவது ஒரு காட்சிக்கூடத்தில் அதன் முன்னால் நின்று பச்சை என்றால் பொறாமை, பச்சை என்றால் நஞ்சு, அடிமைப்பட்ட நாட்டின் நோய் என்றெல்லாம் பேசுவோம். பொறாமைக்குப் பச்சை என்பது நம்மூர்ச் சரக்கே அல்ல, கப்பலேறி வந்தது, ஆனாலும் சொல்வோம். அந்த மாணவர் கண்ணால் கண்டதைத்தான் வரைந்தார் என்பது யாருக்கும் தோன்றாது.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. நார்வே ஓவியர் எட்வர்ட் மூங்க் 1893இல் வரைந்த ‘அலறல்’ உலகறிந்த படம். அட்டைமேல் எண்ணெய் வண்ணம், டெம்பரா, பாஸ்டல் எல்லாம் கலந்து செய்தது. இரு நண்பர்களோடு நடந்துகொண்டிருந்தபோது அந்திவானம் இரத்தமாகச் சிவந்ததையும், இயற்கை முழுவதையும் ஊடுருவிச் செல்லும் ஓர் அலறலைத் தான் உணர்ந்ததையும் மூங்க் குறிப்பெழுதி வைத்திருக்கிறார். 2004இல் அமெரிக்க வானியலாளர் டொனால்ட் ஓல்சனும் அவருடைய குழுவினரும், அந்தச் சிவப்பு அதே கிரகடோவா தூசியின் சிவப்புதான் என்று வாதிட்டார்கள். அந்தத் தூசி 1883இன் கடைசியில் நார்வே வானத்தையும் எட்டியிருந்தது. 2017இல் வேறு சில ஆய்வாளர்கள், அது குளிர்காலத்தில் வடபகுதியில் அரிதாகத் தோன்றும் முத்துச்சிப்பி நிற மேகம் என்றார்கள். இரண்டும் நடந்திருக்கக் கூடியவை. ஆனால் பத்து வருடத்துக்கு முந்தைய ஒரு வானம் ஒருவருக்குள் ஏன் தங்கியது? வானத்தின் வளைகோடும் கடலின் வளைகோடும் ஏன் அந்த மனித முகத்தின் வளைவோடு போய்ச் சேர்கின்றன? பாலத்தின் கைப்பிடி மட்டும் ஏன் அளவுகோல் வைத்தாற்போல நேராக ஓடுகிறது? வானிலை அறிக்கையில் இதற்கெல்லாம் விடை இல்லை.

எல்லாம் மனம் என்பது ஒரு கட்சி, எல்லாம் வானிலை என்பது மறு கட்சி. ஓவியம் இரண்டு கட்சிக்கும் பிடிகொடுக்காமல் நடுவில் நிற்கிறது. அதைப் படிப்பதற்கு இதுவரை என்னென்ன வழிகள் சொல்லப்பட்டிருக்கின்றன, அவற்றில் எவை தமிழ் வாசகருக்குப் பயன்படும் என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

* * *

முதலில் ஒரு நிலக்காட்சி. கோடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி வழியாகப் போனால் மேல்பழனி மலையின் கடைக்கோடியில் பூண்டி வரும். சரிவெல்லாம் அடுக்கு நிலம். மலைப்பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ். கோடைக்கானல் மலைப்பூண்டு 2019இல் புவிசார் குறியீடு வாங்கியதில் இந்த ஊர்ப்பக்கத்து நிலங்களுக்கும் பங்கு உண்டு. அடுக்குகளுக்கு மேலே தைலமரமும் வாட்டிலும் பைனும் வரிசை வரிசையாக நிற்கின்றன. மடிப்புகளில் மட்டும் சோலைக்காடு மிச்சம்.

இங்கே மேகம் இறங்கினால் கோடைக்கானலிலிருந்து வந்த பயணிக்கு அது கனவு. காமிராவை எடுப்பார். உருளைக்கிழங்கு போட்டவருக்கு அதே மேகம் இரண்டு மூன்று நாள் விடாமல் நின்றால் வயிற்றைக் கலக்கும். குளிரும் ஈரமும் சேர்ந்தால் இலையில் கருகல் விழும், பிறகு காடு முழுக்கப் பரவும். மார்கழி, தை மாதத்து உறைபனி விடியலில் வெள்ளிபோல் மின்னும். வெயில் ஏறியதும் இளம்பயிர் வெந்ததுபோலத் துவண்டு கிடக்கும். நிலக்காட்சிக்கென்று சொந்த மனநிலை ஏதும் கிடையாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

சினிமா பார்ப்பவர்களுக்கு இது முன்பே தெரிந்த விஷயம்தான். தூண்பாறைகளுக்குப் பக்கத்துப் பாறை இடுக்கு 1991இல் ‘குணா’ படத்தில் காதலின் கருவறையாக இருந்தது. 2024இல் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ படத்தில் அதே இடுக்கு மரணக்கிணறு. பாறை மாறவில்லை. ஒளி விழுந்த கோணமும், காமிரா நின்ற இடமும், கூடவே ஒலித்த சத்தமும் மாறின. ஓவியத்தில் இந்த மூன்று வேலையையும் வண்ணமும் தூரிகையும் கித்தானின் இடப்பகிர்வும் செய்கின்றன. எக்ஸ்பிரஷனிஸம் செய்த புரட்சி என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், இந்தக் கருவிகளை ஒளித்துவைக்காமல் முன்னால் கொண்டுவந்ததைச் சொல்லலாம். 1905இல் டிரெஸ்டன் நகரில் கிர்ஷ்னர், ஹெக்கெல் முதலான கட்டடக்கலை மாணவர்கள் நால்வர் ‘பாலம்’ என்ற பெயரில் கூடினார்கள். 1911இல் மியூனிக்கில் கண்டின்ஸ்கியும் ஃபிரான்ஸ் மார்க்கும் ‘நீலக் குதிரைவீரன்’ குழுவைத் தொடங்கினார்கள். இரண்டு குழுக்களும் பலவற்றில் வேறுபட்டவை. கண்ட பொருளைவிடக் கண்டவனின் நடுக்கம் முக்கியம் என்பதில் மட்டும் ஒன்றுபட்டன.

* * *

நமக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. தமிழ்நாட்டு வீடுகளுக்கு எண்ணெய் வண்ணம் முதலில் இரண்டு வடிவத்தில்தான் வந்தது. ஒன்று ஜமீன்தார், திவான், தலைவர் ஆகியோரின் உருவப்படம்: மீசையின் ஒவ்வொரு மயிரும் தெரிய வேண்டும். மற்றொன்று அச்சேறிய தெய்வப்படம். கோவில்பட்டியில் இருந்த கொண்டையராஜு (1898–1976) வரைந்த முருகனும் மீனாட்சியும் சிவகாசியில் அச்சாகிக் காலண்டர்களாக எல்லாச் சுவரிலும் தொங்கின. அந்தப் படங்களில் குறியீடு உண்டு, ஏராளமாகவே உண்டு. ஆனால் அவை பூட்டிய குறியீடுகள். வேல் என்றால் முருகன், கிளி என்றால் மீனாட்சி. ஓவியர் நினைத்தாலும் மாற்ற முடியாது, பார்ப்பவர் நினைத்தாலும் முடியாது. இந்தப் பழக்கத்தோடு ஓர் எக்ஸ்பிரஷனிஸப் படத்தின் முன் நிற்பவர் முதலில் கேட்பது, இது எதற்கு அடையாளம் என்பதுதான். கேள்வியே தவறான கதவைத் தட்டுகிறது.

சரியான கதவு நம்மிடமே இருக்கிறது. ஓவிய விமரிசனத்துக்கு அதை எப்போதாவதுதான் திறக்கிறோம். தொல்காப்பியம் ஒரு பாட்டின் உலகத்தை முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று பிரிக்கிறது. நிலமும் பொழுதும் முதல், மரம், பறவை, விலங்கு, பறை, தொழில் முதலியன கரு, உணர்வொழுக்கம் உரி. மலைக்குக் குறிஞ்சி, நள்ளிரவாகிய யாமம், கூதிர்காலமும் முன்பனியும், புணர்தல். உள்ளுறை உவமத்தைப் பற்றிப் பேசும்போது அந்த நூல் போடும் ஒரு நிபந்தனை என்னை எப்போதும் வியக்க வைக்கிறது: கருப்பொருள்களில் தெய்வத்தை விலக்கிவிட்டு மற்றவற்றைக் கொண்டுதான் உள்ளுறையை அமைக்க வேண்டும். தெய்வத்தின் பொருள் ஏற்கெனவே நிலைபெற்றுவிட்டது, அதில் புலவருக்கு இடமில்லை என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன். யானையும் வேங்கையும் அருவியும் திறந்தவை. பாட்டுக்குப் பாட்டு அவை வேறு வேலை செய்யும். கொண்டையராஜுவின் வேலுக்கும் மூங்க்கின் பாலத்துக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

இன்னொன்று, இந்த முறையில் குறியீடு தனியாக முளைப்பதில்லை. முதலில் நிலமும் பொழுதும் வர வேண்டும், அப்புறம்தான் யானை. ஓவியத்திலும் முதலில் எந்த வெளி, எந்த நேரம், எந்தக் குளிர் அல்லது வெக்கை என்று பார்த்துவிட்டு, பிறகு பொருள்களுக்கு வந்தால் பாதிப் பிதற்றல் குறைந்துவிடும். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலும் உதவும். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு. ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களன். உணர்வு மெய்யில் படுவதுதான் மெய்ப்பாடு. எக்ஸ்பிரஷனிஸ ஓவியத்தில் தூரிகைத் தடம் என்பது ஓவியரின் மெய் விட்டுச்சென்ற தடயம். தோளிலிருந்து வீசியதா, மணிக்கட்டில் நடுங்கியதா என்று கித்தானைப் பார்த்தே சொல்ல முடியும்.

ஆனால் திணையை இழுத்துக்கொண்டே எல்லா இடத்துக்கும் போக முடியாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். குறிஞ்சித்திணைப் பாட்டு எழுதியவருக்கும் கேட்டவருக்கும் நடுவே ஓர் உடன்பாடு இருந்தது. மலை என்றதும் இருவருக்கும் ஒன்றே தோன்றியது. எக்ஸ்பிரஷனிஸ்ட்டுகள் பொது உடன்பாடு ஏதும் இல்லாத ஊரில் வாழ்ந்தவர்கள். பழைய உடன்பாடுகளை உடைக்கவே வந்தவர்கள். அதனால் ஒவ்வொருவரும் தமக்குத் தாமே ஒரு திணையை உண்டாக்கிக்கொண்டு, அதையே படத்துக்குப் படம் திரும்பத் திரும்ப வரைந்தார்கள். மூங்க்கின் அதே கடற்கரை, அதே நிலாத்தூண், அதே பாலம். ஒரே ஒரு படத்தை வைத்து அதன் குறியீட்டை உடைத்துப் பார்க்க முயல்பவர் தோற்றுப்போவதற்குக் காரணம் இதுதான். ஒருவரின் இருபது படங்களைச் சேர்த்துப் பார்த்தால், அகராதி தானாக உருவாகிவிடும்.

* * *

தூரிகைத் தடத்தைப் பற்றிச் சொன்னேன். எண்ணெய் வண்ணத்தில் அது ஏன் இவ்வளவு முக்கியம் என்றும் சொல்ல வேண்டும். நீர்வண்ணம் நீர் ஆவியானதும் காய்ந்துவிடும். ஆளிவிதை எண்ணெய் அப்படிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனை உள்வாங்கி மெல்ல இறுகுகிறது. பூண்டி போன்ற குளிர் இடத்தில் இன்னும் மெல்ல. இறுகும்வரை ஓவியருக்கு வாய்ப்பு இருக்கிறது: ஈரத்தின்மேல் ஈரத்தை இழுக்கலாம், கத்தியால் வழிக்கலாம், தூரிகையின் பின்கட்டையால் கீறலாம், அப்பி மேடு கட்டலாம். ஆகவே எண்ணெய் ஓவியம் என்பது ஒரு மனநிலையின் நொடிப்படம் அல்ல. பல நாள் சண்டையின் மிச்சம். அடியில் இருந்த நீலம் மேலே போட்ட செம்மண்ணின் விரிசலில் எட்டிப்பார்த்தால், ஓவியர் மனம் மாறிய இடம் அதுதான். கைப்பேசித் திரையில் இது எதுவும் தெரியாது. பக்கவாட்டில் விழும் வெளிச்சத்தில், மூலப்படத்தின் முன்னால் சற்றே சாய்ந்து நின்று பார்க்க வேண்டும்.

தடயங்களைப் படிப்பதிலும் அளவு வேண்டும். ‘அலறல்’ படத்தின்மேல் ஒரு வெள்ளைக் கறை இருக்கிறது. நெடுங்காலமாக அதைப் பறவை எச்சம் என்று சொல்லிவந்தார்கள். மூங்க் தம் படங்களை வெயிலிலும் பனியிலும் வெளியே போட்டு வைக்கும் பழக்கம் உள்ளவர் என்பதால் அந்தக் கதை பொருந்தவும் செய்தது. 2016இல் சோதித்தபோது அது மெழுகு என்று தெரிந்தது. எங்கோ ஒரு மெழுகுவர்த்தி சொட்டியிருக்கிறது. எச்சம் என்றால் இயற்கையின் கையெழுத்து, மெழுகு என்றால் தியானம் என்று விளக்கம் சொல்லக் கிளம்புபவர்களைத் தடுக்க முடியாது. ஆனாலும் மெழுகு மெழுகுதான்.

வண்ணத்துக்கு அகராதி எழுதும் ஆசை ஓவியர்களுக்கே இருந்தது. ஃபிரான்ஸ் மார்க் 1910இல் நண்பர் அவுகுஸ்ட் மாக்கெவுக்கு எழுதிய கடிதத்தில் நீலத்தை ஆண்மைக்கும் ஆன்மிகத்துக்கும், மஞ்சளைப் பெண்மைக்கும் மென்மைக்கும், சிவப்பைச் சடப்பொருளுக்கும் ஒதுக்கினார். கண்டின்ஸ்கி மஞ்சள் பார்ப்பவரை நோக்கி வரும், நீலம் உள்வாங்கிப் போகும் என்று நூலே எழுதினார். இந்த அகராதிகளை வைத்து மார்க்கின் நீலக் குதிரைகளைப் படிக்கலாம், அவருடைய மொழி அது. மஞ்சளில் தாலிக்கயிறு முக்கி எடுக்கும் ஊரில், வெள்ளை கட்டிய விதவைகளைப் பார்த்த ஊரில் அந்த அகராதி எந்த அளவுக்குச் செல்லும்? வான்கோ 1888இல் ஆர்ல் நகரின் இரவு விடுதியைச் சிவப்பும் பச்சையும் மோதத் தீட்டினார். மனிதரின் பயங்கர வேட்கைகளைச் சொல்லவே அந்த நிறங்கள் என்று தம்பிக்கு எழுதவும் செய்தார். பயங்கரம் சிவப்பிலும் இல்லை, பச்சையிலும் இல்லை. எதிரெதிர் நிறங்கள் சமபலத்தோடு ஒட்டி நிற்கும்போது கண்ணுக்கு உட்கார இடமில்லாமல் போவதில் இருக்கிறது. அதே சிவப்பும் பச்சையும் கிராமத்துப் புடவையில் வரும்போது திருவிழா. இடைவெளி, விகிதம், ஒட்டுதல் ஆகியவற்றைச் சொல்லாமல் வெறும் நிறப்பெயரைச் சொல்லும் விளக்கம் எதையும் நான் நம்புவதில்லை.

* * *

குறியீடு மிகத் துல்லியமாக வேலை செய்யும் ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். 1915இல் கிர்ஷ்னர் வரைந்த ‘போர்வீரனாகத் தன்னுருவம்’. சீருடையில் ஓவியர், வாயில் சிகரெட், கண்ணில் பாவை இல்லை, பின்னால் நிர்வாண மாடல். வலக்கை மணிக்கட்டோடு துண்டாகி இரத்தம் தெரிகிறது. உண்மையில் அவர் கை போகவில்லை. போர்முனைக்கே அவர் போனதில்லை. ஹாலே நகரில் பீரங்கிப்படைப் பயிற்சியில் இருந்தபோதே மனம் உடைந்து விடுவிக்கப்பட்டார். ஓவியருக்குக் கை போவதென்றால் எல்லாம் போவது என்று யாரும் சொல்லிவிடலாம். படம் அதைவிடக் கூடுதலாக ஒன்றைச் சொல்கிறது. அந்தத் துண்டுக் கையின் கோணலும் பின்னாலிருக்கும் பெண்ணின் உடற்கோணலும் ஒரே கூர்மையில் வெட்டப்பட்டிருக்கின்றன. அவரால் இனி வரைய முடியாத பொருளும் வரைய முடியாத கையும் ஒன்றையொன்று பார்க்காமல் நிற்கின்றன. 1937இல் மியூனிக்கில் நாஜிகள் நடத்திய ‘சீரழிந்த கலை’ கண்காட்சியில் இதே படம் ‘போர்வீரனும் வேசியும்’ என்று தலைப்பு மாற்றிக் காட்டப்பட்டது. தலைப்பை மாற்றினால் பின்னணிப் பெண் முன்னால் வந்துவிடுகிறாள், கை மறைந்துவிடுகிறது. குறியீட்டைக் கொல்ல கித்தானைக் கிழிக்க வேண்டியதில்லை.

நல்ல விளக்கத்தையும் வெறும் விளக்கத்தையும் பிரிக்க நான் பின்பற்றும் சோதனை மிக எளியது. படத்தில் ஒன்றை மனத்துக்குள் மாற்றிப் பார்ப்பது. சிவந்த வானத்தை நீலமாக்கு, துண்டான கையை ஒட்டவை, இடமூலையில் இருக்கும் உருவத்தை நடுவுக்குக் கொண்டுவா. அப்படி மாற்றிய பிறகும் உன் விளக்கம் அப்படியே நின்றால், அது படத்தைத் தொடவே இல்லை. ஓவியரைப் பற்றிக் கேட்ட கதையையோ உன் சொந்தத் துயரத்தையோதான் சொல்லிக்கொண்டிருக்கிறாய். அவரவர் பார்வை அவரவர்க்கு என்ற வாதமும் இந்தச் சோதனையில் அடிபடும்.

ஓவியரைப் பற்றிக் கேட்ட கதை பெரிய தொல்லை. ‘அலறல்’ படத்தின் மேல்மூலையில் பென்சிலால், பித்தன் ஒருவனால்தான் இதை வரைந்திருக்க முடியும் என்ற பொருளில் ஒரு வரி இருக்கிறது. யாரோ பார்வையாளர் கிறுக்கியது என்றே பலர் நம்பினார்கள். 2021இல் நார்வே தேசிய அருங்காட்சியகம் அகச்சிவப்புப் படம் எடுத்து, அது மூங்க்கின் கையெழுத்தே என்று அறிவித்தது. 1895 வாக்கில் ஒரு மருத்துவ மாணவர் கூட்டத்தில் எழுந்து இந்த ஓவியருக்குப் புத்தி சரியில்லை என்று பேசியது அவரைக் குத்தியிருக்கிறது. அந்தக் குத்தலை எடுத்துப் படத்தின் மேலேயே ஒட்டிவிட்டார். பித்தனாக இருப்பதும் பித்தன் என்ற பட்டத்தோடு விளையாடுவதும் வெவ்வேறு. நம் ஓவியர் கே. ராமானுஜத்துக்கும் (1941–1973) இதே கதிதான் நேர்ந்தது. சென்னையை அடுத்த சோழமண்டல ஓவியர் கிராமத்தில் வாழ்ந்தவர், தன் உயிரை மாய்த்துக்கொண்டவர். எழுத்தாளர் சி. மோகன் அவரை மையமாக வைத்து நாவலே எழுதினார். முடிவு தெரிந்தவர்கள் அவருடைய ஒவ்வொரு பாம்பிலும் மாளிகையிலும் மரணத்தைத் தேடுகிறார்கள். படங்களிலோ கொண்டாட்டம்தான் மிகுதி. தொப்பி வைத்த ராமானுஜம் மரியாதையோடு வலம் வரும் கனவு ராஜ்ஜியம் அது. துக்கம் அந்த ராஜ்ஜியத்துக்கு வெளியே இருந்தது.

எதிர்ப்பக்கத்து எச்சரிக்கை ஜெர்மன் ஓவியர் எமில் நோல்டே. அவர் வண்ணத்தின் தீவிரத்தைப் பார்த்து அவரைச் சுதந்திர ஆன்மா என்று நெடுங்காலம் கொண்டாடினார்கள். அவருடைய ஆயிரத்துக்கும் மேற்பட்ட படைப்புகளை நாஜிகள் பறித்தது உண்மை. அவரே நாஜிக் கட்சி உறுப்பினராக இருந்ததும் உண்மை. தூரிகை கொந்தளிப்பதால் மட்டும் மனம் நல்லதாகிவிடாது.

* * *

எக்ஸ்பிரஷனிஸம் இந்தியாவுக்கு வந்தது பத்திரிகைப் படங்களின் வழியே மட்டும் அல்ல. 1922 டிசம்பரில் கலை வரலாற்றாளர் ஸ்டெல்லா கிராம்ரிஷின் முயற்சியால் கல்கத்தாவில் ஜெர்மனியின் பௌஹாஸ் கலைப்பள்ளி ஓவியர்களின் படைப்புகள் காட்சிக்கு வந்தன. கண்டின்ஸ்கியும் கிளேயும் அதில் இருந்தார்கள். சென்னைக்கு அலை மெல்லத்தான் வந்தது. தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் தலைமையில் இருந்த கலைப்பள்ளியில் உடற்கட்டும் உருவ ஒப்புமையும் முதன்மை. மெரினாவில் அவர் செய்த உழைப்பாளர் சிலையைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். அவருக்குப் பின் 1957இல் முதல்வரான கே.சி.எஸ். பணிக்கர் (1911–1977) கோயம்புத்தூரில் பிறந்தவர். 1944லேயே முற்போக்கு ஓவியர் சங்கத்தை அமைத்தவர், 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டல ஓவியர் கிராமத்தை உருவாக்கியவர். அவருடைய ஐம்பதுகளின் உருவப் படங்களில் வான்கோவின் சுழற்சி வெளிப்படையாகத் தெரியும்.

1963இல் அவர் தொடங்கிய ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசை நம் கேள்விக்கு நேராக வந்து நிற்கிறது. சாதகக் கட்டம்போல் சதுரங்கள், கணக்குநோட்டுபோல் எண்கள், மலையாள எழுத்தை ஒத்த நெருக்கமான வரிகள், இடையிடையே மீனும் பறவையும். பார்ப்பவர் முதலில் செய்வது குனிந்து படிக்க முயல்வது. படிக்க ஒன்றும் இல்லை. அந்த எழுத்து சொல்லாகத் திரள மறுக்கிறது. எழுத்து இருக்கிறது, பொருள் இல்லை என்ற ஏமாற்றம்தான் அங்கே மனநிலை. ஓலைச்சுவடியைக் கையில் வைத்துக்கொண்டு நமக்குப் புரியாத ஒன்று நம்மைப் பற்றி ஏதோ சொல்கிறது என்று சோதிடர் முன்னால் உட்கார்ந்த எவருக்கும் அது பழக்கமான உணர்ச்சி. தனித்தனியாக இந்த மீன் எது, அந்தக் கட்டம் எந்த ராசி என்று தேடியவர்கள் படத்தைத் தவறவிட்டார்கள்.

ஓவியர் எஃப்.என். சூசா (1924–2002) கோவாக் கத்தோலிக்கர். பூட்டிய குறியீட்டை உள்ளே புகுந்து உடைத்தவர். லண்டன் டேட் கலைக்கூடத்தில் உள்ள அவருடைய 1959ஆம் ஆண்டுச் ‘சிலுவையேற்றம்’ கறுத்த, முள்முள்ளான கிறிஸ்துவைக் காட்டுகிறது. முள் தலையில் மட்டும் இல்லை. உடலை வரைந்த கோடே முள்ளாகிவிட்டது. சூசாவின் மரங்களிலும் நகரங்களிலும் இதே கோடு வரும். ஆகவே அது கிறிஸ்துவின் துன்பத்துக்கு மட்டும் உரிய அடையாளம் அல்ல, அவர் உலகத்தைப் பார்த்த விதம்.

கே.எம். ஆதிமூலத்தைத் (1938–2008) தமிழ் வாசகர்கள் கோட்டோவியராக அறிவார்கள். 1969 காந்தி நூற்றாண்டில் வரைந்த காந்தி வரிசையும், சிற்றிதழ் அட்டைகளும், புத்தக முகப்பு எழுத்துகளும் நம் கண்ணில் பதிந்தவை. எண்பதுகளிலிருந்து அவர் எண்ணெய் வண்ணத்தில் பெரிய கித்தான்களுக்குப் போனார். உருவம் போய்விட்டது. அடுக்கடுக்கான வண்ணப் பரப்பு. கத்தியால் இழுத்த திட்டுகள். எங்கோ ஒரு கீற்று வெளிச்சம். காந்தியின் கோட்டைத் தேடிப் போனவர்கள் ஏமாந்து, அருவம் புரியவில்லை என்றார்கள். அந்தக் கித்தான்களில் கருப்பொருள் ஒன்றும் இல்லை. முதற்பொருள் மட்டும் உண்டு: ஒரு நிலம், ஒரு பொழுது. உரிப்பொருளை நாமே கொண்டு போக வேண்டும். திணைக்கொள்கை இவ்வளவு சுருங்கிய நிலையிலும் வேலை செய்கிறது என்பதைக் காணவே எழும்பூர் அருங்காட்சியகத்திலோ சோழமண்டலத்திலோ நம் ஓவியர்களின் பெரிய எண்ணெய்ப் படங்களின் முன்னால் ஒருமுறை நின்று பார்க்கலாம்.

* * *

மலைக்கு வருவோம். எக்ஸ்பிரஷனிஸ்ட்டுகளில் மலையோடு வாழ்ந்தவர் கிர்ஷ்னர். உடைந்த உடம்போடு 1917இல் சுவிட்சர்லாந்தின் டாவோஸ் பக்கம் போனவர், 1938இல் தன்னைத்தானே சுட்டுக்கொண்டு இறக்கும்வரை அங்கேயே இருந்தார். 1919இல் வரைந்த நிலவொளிப் பனிக்காட்சி இப்போது அமெரிக்காவின் டெட்ராய்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நீல மலை, சிவந்த மரங்கள், மஞ்சள் நிலா. தூக்கமில்லாத விடியற்காலையில் நிலா இறங்குவதைக் கண்டு, அதை வைத்து உருவாக்கிய படம். முதல் பார்வையில் இதை எல்லோரும் நோயாளியின் மலை என்று படிக்கிறார்கள். மாற்றிப் பார்க்கும் சோதனையை வைத்தால், வேறொன்று தெரிகிறது. மரங்களின் கூர்முனை எல்லாம் பெர்லின் தெருக் காட்சிகளில் அவர் வரைந்த மனிதர்களின் அதே கூர்முனை. ஆனால் அங்கே இடித்துக்கொண்டு நின்றவை இங்கே விலகி விலகி நிற்கின்றன. நிறம் கத்துகிறது, இடைவெளி அமைதிப்படுத்துகிறது. படத்தின் மனநிலை இந்த இரண்டுக்கும் நடுவிலான இழுபறி. ஒற்றைச் சொல்லில் பெயர் வைக்க முடியாது. பின்னால் வரைந்த மேய்ப்பர்களிலும் உழவர்களிலும் இழுபறி தளர்கிறது, அதே அளவுக்குப் படங்களும் தட்டையாகின்றன என்பது என் எண்ணம். பலர் இதை மறுப்பார்கள்.

கிர்ஷ்னர் மலைக்கு வந்த நோயாளி. பிறகு மலைக்காரர்களின் வேலையைப் பார்த்தார், வரைந்தார். கோடைக்கானலை வரைந்தவர்களில் பெரும்பாலோர் ஏரிக்கரையிலும் தூண்பாறை முனையிலும் நின்றே வரைந்திருக்கிறார்கள்; அங்கே மேகம் எப்போதும் காட்சிதான். பூண்டியின் மலையை ஒருவர் எண்ணெய் வண்ணத்தில் எக்ஸ்பிரஷனிஸ முறையில் தீட்டினால், அவருக்கு முன்னால் கிடக்கும் கருப்பொருள்கள் வேறு. கருகல் விழுந்த இலையின் பழுப்பு. உறைபனியில் வெந்த காலையின் சாம்பல் வெள்ளை. பூண்டுச் சருகின் ஊதா. மலையைச் சீப்பால் வாரியதுபோல நேர்வரிசையில் நிற்கும் தைலமரம். மடிப்புக்குள் ஒடுங்கிக்கொண்ட சோலை, அதன் உச்சியில் தாமிரச் சிவப்பாகத் துளிர்க்கும் கொழுந்து. நேர்வரிசைக்கும் ஒடுக்கத்துக்கும் நடுவே நூறாண்டு வரலாறு இருக்கிறது. அதை எழுதிக்காட்ட வேண்டியதில்லை. தூரிகையை இரண்டு இடத்திலும் இரண்டு விதமாகப் பிடித்தால் போதும். ஒருபக்கம் இழுப்பு, மறுபக்கம் அப்பல்.

அப்படி ஒரு படம் கண்ணில் பட்டால் நான் வானத்தை முதலில் பார்க்க மாட்டேன். சோலையின் பச்சையும் தைலமரத்தின் பச்சையும் ஒரே வீச்சில் வந்திருக்கின்றனவா என்று பார்ப்பேன். ஒரே வீச்சு என்றால், ஓவியர் கோடைக்கானல் பஸ் நிலையத்திலேயே திரும்பிவிட்டார்.